நினைவைப் பதிப்பித்தவர்

தில்லையில் ஓர் அறையுள் பூட்டப்பெற்றிருந்த தேவார ஏடுகளுள் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட, எஞ்சியவற்றையே இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அத்தில்லைக்கு 1924ஆம் ஆண்டில், ஏடுகளைச் செல்லின் வாயிலிருந்து மீட்பதையே வாழ்வாகக் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக அழைக்கப்பெற்ற உ. வே. சாமிநாதையருக்கு அப்போது அகவை 69. 1927 வரை அவர் இங்கே தமிழ்ப்பணி ஆற்றினார்.

சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவரால் அச்சேறியதை நாம் அறிவோம். நம் வட்டத்தார் அவ்வளவாகப் பேசாத மற்றொரு பணியும் அவருக்கு உண்டு. தாம் கண்டதையும் கேட்டதையும் எழுத்தில் நிறுத்தியது அது.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோது ஐயர் பதினேழு வயதை எட்டும் இளைஞர். பிள்ளை தலபுராணங்களை மனத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். வேறிடத்தில் உண்ண வேண்டியிருந்த அந்தண மாணாக்கர் பசியாறினாரா என்று ஆசிரியர் நாள்தோறும் கவலைப்படுவார். புலமையில் பெருஞ்செல்வரான அவர் பொருளில் வறியவர். கடன் அவரை விட்டதில்லை. 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்தது. இறுதி வேளையில் அருகிருந்து திருவாசகம் ஓதியவர் ஐயர்.

அதன்பின் நேர்ந்ததில் ஒரு துயரமான முரண் உண்டு. ஐயர் பதிப்பித்த பழந்தமிழ் நூல்களே தமிழரின் சுவையை மாற்றின. சங்கச் செய்யுளின் எளிமையில் தோய்ந்த புதிய தலைமுறை, யமகமும் திரிபும் நிறைந்த புராணங்களை ஒதுக்கத் தொடங்கிற்று. மாணாக்கரின் வெற்றி ஆசிரியரின் புகழ் மங்குவதற்கு ஒரு காரணமாயிற்று. பிள்ளையைப் பெரும்புலவராக நேரில் கண்டவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். தம் ஆசிரியர் பெரியவர் என்பதில் ஐயருக்கு ஐயமே இருந்ததில்லை. அவ்வுறுதியைத் தம்மோடு மடியவிட அவர் விரும்பவில்லை.

சிதம்பரத்திலிருந்து மீண்டபின், பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. தம் நினைவை மட்டும் அவர் நம்பி நின்றாரல்லர். கடிதங்களையும் தனிப்பாடல்களையும் சிறப்புப் பாயிரங்களையும் தேடித் தொகுத்தார். அறிந்தோரைக் கேட்டுத் தெளிந்தார். ஏடுகளை ஒப்புநோக்கிய பழக்கம் நினைவை ஒப்புநோக்கவும் உதவிற்று. ஆசிரியரின் வறுமையையும் கடனையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அந்நூல் வெறும் புகழ்மாலை ஆகாது தப்பிற்று. கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர் ஆகியோரின் வரலாறுகளும் பின்னர் அவரால் எழுதப்பெற்றன. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமக்கு இடம் தந்து விலகிய தியாகராச செட்டியாரின் நினைவாகத் தம் திருவல்லிக்கேணி இல்லத்துக்கே தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டவர் அவர்.

நம் கடலூரை அடுத்த புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். அக்காலத்தின் பெரும்பகுதியில் தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. அன்றன்று கண்டதை அன்றன்றே பதிந்தமையால் அவர் எழுத்தில் வியப்பும் அச்சமும் ஆறாமல் இருக்கின்றன. ஐயரோ அரைநூற்றாண்டு கழித்து எழுதினார். காலம் வடிகட்டியதே அவருக்குக் கிடைத்தது. முன்னதில் நிகழ்ச்சி பிழைத்தது; பின்னதில் நிகழ்ச்சியின் பொருள் பிழைத்தது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். இரண்டும் இல்லாத ஊருக்கு வரலாறு செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடும்.

1940 சனவரியில் ஆனந்த விகடனில் ஐயர் தம் சொந்த வரலாற்றை எழுதத் தொடங்கினார். அகவை எண்பத்தைந்தை நெருங்கிய அவரால், உத்தமதானபுரத்துத் திண்ணையையும் தந்தையாரின் இசையையும் நேற்று நிகழ்ந்தன போலச் சொல்ல முடிந்தது. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்த நிலையில், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். 'என் சரித்திரம்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் நின்றுபோயிற்று; 1950இல் நூலாக வந்தது. மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் எஞ்சிய வாழ்வைப் பின்னர் எழுதினார்.

ஆகவே சிதம்பரத்தில் கழித்த ஆண்டுகளை ஐயர் தம் கையால் எழுதிய வரலாற்றில் நாம் காண இயலாது. எல்லோருடைய நினைவையும் காத்தவர் நம் ஊருக்கு வந்து வாழ்ந்த காலத்தைத் தாமே சொல்வதற்குள் காலம் முந்திக்கொண்டது. பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: உங்கள் ஆசிரியர்களை, அவர்தம் குறைகளோடும் சேர்த்து, இவ்வாண்டே எழுதத் தொடங்குங்கள்.