எழுத்தெண்ணிப் படித்தவர்

ஒருவருடைய கல்வியை வியந்து கூறுமிடத்து, அவர் எழுத்தெண்ணிப் படித்தவர் என்று சொல்லுதல் நம் நாட்டு வழக்கு. இவ்வழக்கைச் சொல்லளவில் நில்லாது செயலளவிலும் மெய்ப்பித்தார் ஒருவர் இருந்தார். அவர் நம் நாட்டினர் அல்லர், புலவரும் அல்லர், தம் தாய்மொழிச் சொற்களையே பிழையறக் கூட்டி எழுதும் திறம் தமக்குக் குறைவென்று ஒளியாது ஒப்புக்கொண்டவர். ஆயினும் உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களை எழுத்துக்களோடு இரவும் பகலும் போராடச் செய்தவர் அவரே. அவர்தாம் ஸ்கிராபிள் என்னும் எழுத்தாட்டத்தை ஆக்கியளித்த ஆல்பிரட் மோஷர் பட்ஸ் என்பார்.

யாம் வாழும் அயனம்பாக்கம், அம்பத்தூருக்கும் திருவேற்காட்டிற்கும் அண்மையில், ஏரியொன்றைத் தன்பாற் கொண்டு விளங்கும் ஊர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற குகேஷ், மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியொன்றிற் பயின்றவர். ஆதலின் எம்மூர்ச் சிறார்க்கு அறுபத்துநான்கு கட்டங்களின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இருநூற்றிருபத்தைந்து கட்டங்களையுடைய மற்றொரு பலகையின் பெருமையோ அத்துணை அறியப்பட்டிலது. சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவர் இல்லத்துத் திண்ணையில் அப்பலகையின் முன் அமர்ந்தோம். சொற்செல்வம் மிகவுடையோம் என்னும் செருக்கினால் யாம் நீண்ட சொற்களையே தேடிக்கொண்டிருந்தோம். கணக்குப் பயிலும் அந்நண்பரோ இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாகிய சிறு சொற்களைக் கொண்டே எம்மை வென்றார். அத்தோல்வியே இவ்வாட்டத்தை ஆக்கினோரது வரலாற்றை அறியும்படி எம்மைத் தூண்டியது.

பட்ஸ், அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் மாகாணத்துப் பொகீப்ஸி என்னும் நகரில், 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், தாயார் ஆசிரியை. இளமையிற் சதுரங்கத்திலும் ஓவியத்திலும் பெருவிருப்புடையவராயிருந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்திற் கட்டடக் கலை பயின்று 1924-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, நியூயார்க் நகரத்துக் கட்டடக் கலைஞர் நிலையமொன்றில் அமர்ந்தார். முன்னர்த் தமக்குப் பள்ளியில் ஆசிரியையாயிருந்த நீனா என்னும் அம்மையாரையே மணந்துகொண்டார். வாழ்க்கை இனிதே நடந்தது.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கிற்று. கட்டடம் எழுப்புவோர் இலராயின், கட்டடம் வரைவோர்க்கு வேலை ஏது? 1931-ஆம் ஆண்டிற் பட்ஸ் வேலையிழந்தார். முப்பத்திரண்டு அகவையில், கற்ற கல்வி கைகொடாத நிலையில், அவர் வீட்டில் அமர்ந்து எண்ணினார். கைப்பொருளற்ற மக்களுக்குக் குறைந்த செலவிற் பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமெனவும், அதனை ஆக்கித் தருதலே தமக்குப் பிழைப்பாகலாம் எனவும் துணிந்தார்.

துணிந்தவர் உடனே செய்யத் தொடங்கினார் அல்லர், முதற்கண் ஆராய்ந்தார். உலகில் வழங்கும் ஆட்டங்களை மூவகையாகப் பகுத்தார். பகடை முதலாயின எண்ணை நம்புவன; அவை முழுவதும் ஊழின் வழிப்பட்டவை. சதுரங்கம் முதலாயின காய் நகர்த்துவன. அவை முழுவதும் அறிவின் வழிப்பட்டவை. மூன்றாவன எழுத்துக்களை மாற்றிச் சொல்லாக்கும் விளையாட்டுக்கள். இவற்றுக்கோ முறையான மதிப்பெண் இல்லை. முன்னைய இரண்டன் இயல்பையும் மூன்றாவதனோடு இணைத்தால், வல்லாரும் மெல்லியாரும் ஒருங்கமர்ந்து ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்று பிறக்குமென்று கண்டார். எழுத்துக்களைப் பையிலிருந்து பாராது எடுப்பது ஊழின் பங்கு. எடுத்தவற்றை எங்கே எவ்வாறு வைப்பது என்பது அறிவின் பங்கு.

இனி, எவ்வெழுத்து எத்தனை வேண்டும்? இங்கேதான் அவர் எழுத்தெண்ணத் தொடங்கினார். நியூயார்க் டைம்ஸ் முதலிய நாளிதழ்களின் பக்கங்களை விரித்து, எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றதெனத் தம் கையாலேயே எண்ணிக் குறித்தார். அக்கணக்கின் பயனே இன்று நாம் காணும் நூறு வில்லைகள். அடிக்கடி வழங்கும் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துக்குப் பன்னிரண்டு வில்லைகள்; மதிப்பெண் ஒன்றே. அருகி வழங்கும் 'க்யூ', 'இஸட்' என்பவற்றுக்கு ஒவ்வொரு வில்லையே, மதிப்பெண்ணோ பத்து. எவ்வெழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்று வில்லைகள் இரண்டு. 'எஸ்' என்னும் எழுத்து மிகுதியும் வழங்குவதாயினும் நான்கே வைத்தார். பெயர்ச்சொல்லின் ஈற்றில் அதனைச் சேர்த்த அளவிற் பன்மையாகிவிடுமாதலின், மிகுதியாக வைப்பின் ஆட்டம் எளிதாகிச் சுவை குன்றும் என்பது அவர் கருத்து. கணக்கை அறிந்ததோடு, அதனை எங்கே மீற வேண்டும் என்பதையும் அறிந்திருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

முதலில் லெக்ஸிகோ என்னும் பெயரோடு பலகையின்றி விளங்கிய இவ்வாட்டம், 1938-ஆம் ஆண்டளவிற் குறுக்கும் நெடுக்குமாகச் சொல் கோக்கும் பலகையைப் பெற்றது. வில்லைகளையும் பலகைகளையும் அவர் தம் கையாலேயே செய்தார். ஆட்டப் பொருள் செய்து விற்கும் பெரிய நிலையத்தார் அதனை வேண்டாவென்று திருப்பினர். ஜாக்ஸன் ஹைட்ஸ் என்னும் பகுதியில் இருந்த மெதடிஸ்ட் ஆலயக் கூடத்தில், அண்டை அயலார் கூடி அதனை ஆடி மகிழ்ந்தனர். அவர்கள் ஆடுங்கால் நேர்ந்த இடர்ப்பாடுகளைக் கண்டு விதிகளைத் திருத்தினார். நீனா அம்மையார் தம் கணவரினும் மிக வல்லவர். ஒரே சொல்லால் 234 மதிப்பெண் ஈட்டினார் என்பர்.

ஆட்டத்தின் நுட்பம் யாதெனில், சொல்லறிவு அதற்கு வேண்டற்பாலதே. ஆயினும் அதுமட்டும் போதாது. கையிலுள்ள ஏழு வில்லைகளில் எவற்றை வைப்பது என்பதைக் காட்டிலும் எவற்றை நிறுத்திக்கொள்வது என்பதே வல்லார் சிந்தனை. உயிரும் மெய்யும் அளவொத்து நில்லாவிடின் அடுத்த முறை கை முடங்கும். வெற்று வில்லையைச் சிறு வருவாய்க்குச் செலவிடுவோர், ஏழு வில்லைகளையும் ஒருங்கே வைத்துப் பெறும் ஐம்பது மிகை மதிப்பெண்ணை இழப்பர். சொல்லின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்திற்குப் பகைவர் எளிதிற் புகும் வழியைத் திறந்துவிடுதல் பெரும் பிழை. பையில் எஞ்சியவை யாவை எனக் கணக்கிட்டு, பகைவர் கையில் உள்ளவற்றை உய்த்துணர்தல் இறுதிக் காலத்துப் பெருந்துணை. வில்லைகளை மாற்றிக்கொள்ளும் பொருட்டு ஒரு முறையை இழத்தலும் சில வேளை வெற்றிக்கு வழியாம். நியூஸிலாந்து நாட்டினராகிய நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பார், பிரெஞ்சு மொழியிற் பேச அறியாதவராயிருந்தும், அம்மொழிச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மொழி ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்றார். யாம் திண்ணையில் தோற்றதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

மீண்டும் கட்டடத் தொழிலுக்குத் திரும்பிவிட்ட பட்ஸிடமிருந்து, ஜேம்ஸ் புரூனோ என்னும் நண்பர் 1948-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்று, விதிகளைச் சிறிது எளிமையாக்கி, ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். 1949-ஆம் ஆண்டில் 2,400 பெட்டிகள் விற்றும் 450 டாலர் நட்டமே மிஞ்சியது. பின்னர், 1952-ஆம் ஆண்டில், நியூயார்க்கின் பெருங்கடையாகிய மேஸியின் தலைவர் விடுமுறையில் அதனை ஆடி மகிழ்ந்து, தம் கடையில் அஃது இல்லாமை கண்டு வியந்து வரவழைத்தார் என்று கூறுவர். 1954-ஆம் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது லட்சம் பெட்டிகள் விலைபோயின.

பட்ஸுக்குக் கிடைத்தது பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று சென்ட். அப்பணத்தில் ஒரு பங்கு வரிக்கும், ஒரு பங்கு பிறர்க்கு ஈதற்கும் போக, எஞ்சிய பங்கே தம் வாழ்வுக்கு உதவியதாக அவர் சொல்லுவதுண்டு. அதுபற்றி அவர் குறைகூறித் திரிந்தாரல்லர். ஓவியம் வரைந்தும், முன்னோர் வாழ்ந்த இல்லத்தை மீட்டு வாங்கியும் அமைதியாக வாழ்ந்தார். 1979-ஆம் ஆண்டில் நீனா அம்மையார் மறைந்தார். பட்ஸ் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் பிறந்த நாளுக்கு ஒன்பது நாட்களே இருக்க, இறைவனடி சேர்ந்தார். ஜாக்ஸன் ஹைட்ஸில் அவ்வாலயம் நிற்கும் தெருவின் பெயர்ப்பலகையில், ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் அதன் மதிப்பெண் பொறிக்கப்பட்டுள்ளது. இதனினும் தகுந்த நினைவுச் சின்னம் வேறு யாது?

தமிழ் பயிலும் எமக்கு இவ்வரலாறு மற்றோர் எண்ணத்தையும் எழுப்புகின்றது. நம் மொழியில் எழுத்து 247. நூறு வில்லைகளில் அவை அடங்கா. பன்மை காட்டும் 'கள்' விகுதியும் ஓரெழுத்தன்று. ஆங்கில ஆட்டத்தை அப்படியே பெயர்த்தெழுதினால் அது தமிழாட்டம் ஆகாது. மொழிக்கு முதலில் வருவன இவை, இறுதியில் வருவன இவை என நம் இலக்கண நூலார் பண்டே வரையறுத்து வைத்தனர். அவ்வரையறையோடு, இக்கால வழக்கில் எவ்வெழுத்து எத்துணை வருகின்றது என எண்ணுவாரும் வேண்டும். பட்ஸ் செய்ததைப் போல ஒரு நாளிதழின் பக்கத்தை விரித்து எண்ணும் பணியை, யாம் சில நாட்களுக்கு முன் அத்திண்ணையிலேயே தொடங்கியுள்ளோம். எம்மை வென்ற நண்பரே கணக்கெழுத இசைந்துள்ளார்.

வேலையிழந்து வாடிய நாளில் சோர்ந்து கிடவாது, கையில் வந்த எழுத்துக்களைக் கொண்டே சொல்லமைத்தவர் பட்ஸ். நாளை கல்லூரி வாயிலைக் கடந்து உலகிற் புகும்போது நம் கைக்கு வரும் வில்லைகள் எவையோ, அறியோம். எவை வரினும், அவற்றை வைக்கும் இடத்தைத் தேர்தல் நம் கையிலுள்ளது.