ஒலிகொண்டு ஒளியை ஆராய்ந்த இராமன்

இராமன் என்றதும், 1928-ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்த 'இராமன் விளைவு'ம், அதற்காக 1930-இல் அவர் பெற்ற நோபெல் பரிசும் நினைவிற்கு வரும். அத்துணைப் புகழ் பெறாத மற்றோர் ஆராய்ச்சியும் அவர் வாழ்வில் உண்டு. ஒலியலைகள் ஒளியின் வழியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பற்றியது அது.

சந்திரசேகர வேங்கட இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியராய் இருந்தவர். அவ்வூரில் பயின்ற இராமன், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்வில் முதன்மை பெற்றார். ஒளியைப் பற்றிய அவருடைய முதற்கட்டுரை, அவர் மாணவராயிருந்த 1906-இலேயே இங்கிலாந்து நாட்டு இதழொன்றில் வெளிவந்தது.

விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்தல் அந்நாளில் இந்தியர்க்கு அரிதாயிருந்தது. ஆகவே, 1907-இல் அரசாங்க நிதித்துறையில் பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். அந்நகரின் பௌபஜார்த் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. காலையில் அலுவலகம் செல்லுமுன்னும், மாலையில் அலுவல் முடிந்த பின்னும் அவர் அங்கே ஆராய்ச்சி செய்தார். வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியே அவரை முதலில் பெரிதும் ஈர்த்தது. தோற்கருவிகள் பலவற்றின் முழக்கம் இசையொடு பொருந்தாதிருக்க, மிருதங்கத்தின் ஒலி சுருதியொடு இயைவது ஏன் என்று ஆராய்ந்தார். தோலின் நடுவே வட்டமாக இடப்படும் கரிய பூச்சே காரணம் எனக் கண்டார். 1917-இல் அரசுப் பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக அவர் சென்றபொழுது, விஞ்ஞான உலகில் ஒரு புதிர் தீராதிருந்தது. மனிதர் செவிக்கு எட்டாத, நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் ஒலியைத் திரவத்தினுள் செலுத்தி, அதற்குக் குறுக்கே ஒளியைப் பாய்ச்சினால், அவ்வொளி பல கதிர்களாகப் பிரிகிறது. 1932-இல் அமெரிக்காவில் டிபை, சியர்ஸ் என்போரும், பிரான்சில் லூக்கா, பிக்கார் என்போரும் இதனைக் கண்டனர். ஒலியின் வலிமையைக் கூட்டுந்தோறும் நடுக்கதிர் மங்கிப் பக்கக் கதிர்கள் பொலியும். மேலும் கூட்டினால் அவை மங்கி, வேறு கதிர்கள் பொலியும். இவ்வாறு ஒளி இடம் மாறுவதன் காரணத்தை எவராலும் செவ்வனே விளக்க இயலவில்லை.

இராமனும், நாகேந்திர நாத் என்னும் இளம் ஆராய்ச்சியாளரும் 1935, 1936-ஆம் ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளால் இப்புதிரை விடுவித்தனர். அவை, இராமனே 1934-இல் நிறுவிய இந்திய விஞ்ஞானப் பேரவையின் இதழில் வெளிவந்தன. ஒலி செல்லும் திரவத்தில் நெருங்கிய அடுக்கும் நெகிழ்ந்த அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. நெருங்கிய அடுக்கில் ஒளி சற்றே பிந்தும்; நெகிழ்ந்த அடுக்கில் சற்றே முந்தும். ஆதலின், தட்டையாக உள்ளே புகுந்த ஒளியலை, கூரைத் தகரம்போல் நெளிந்து வெளிவருகிறது. அந்நெளிவே ஒளியைப் பல திசைகளில் பிரிக்கிறது. ஒலியின் வலிமையைத் தக்க அளவில் வைத்தால் நடுக்கதிர் முற்றிலும் அணைந்துவிடும் என்பதும் அவர்தம் கணக்கினின்று பெறப்பட்டது. ஒலியையும் ஒளியையும் முப்பதாண்டுக் காலம் ஒருங்கே பயின்ற ஒருவர்க்கே இவ்விளக்கம் எளிதில் தோன்றும் எனலாம்.

அவ்வாண்டுகள் அவர்க்கு அமைதியான ஆண்டுகள் அல்ல. கழகத்தின் நிர்வாகத்தில் கருத்து வேற்றுமைகள் மூண்டன. பிறரை அனுசரித்துச் செல்லும் இயல்பு அவரிடம் மிகுதியாக இருந்ததென்று சொல்லுதற்கில்லை. 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் 1948 வரை பணியாற்றினார். பின்னர்த் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் தொடர்ந்து உழைத்து, 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

ஒளியை நெடுந்தொலைவு ஏந்திச் செல்லவல்ல கண்ணாடி இழை அமெரிக்காவில் முதன்முதல் உருவானதும் அதே 1970-இல்தான். இன்று உலகின் செய்திகளுள் பெரும்பகுதி அத்தகைய இழைகளின் வழியே ஒளியாகச் செல்கிறது. வழியில் மங்கும் ஒளிக்கு இழையினுள்ளேயே வலுவூட்டவும் இராமன் விளைவு பயன்படுகிறது.

திண்டுக்கல் சந்திப்பில், வடக்கிலிருந்து வரும் வண்டிகளுள் தெற்கே மதுரைக்குச் செல்வனவும், மேற்கே பழனி வழிச் செல்வனவும் உண்டு. 'பாயிண்டு' என்னும் தண்டவாள முனையை நகர்த்தி அவற்றை உரிய பாதையில் செலுத்துவர். ஒளி செல்லும் பாதைகள் கூடுமிடத்திலும் அத்தகையதொரு கருவி வேண்டும். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே பருமனுள்ள ஓர் இழைக்குள், ஒன்றோடொன்று கலவாத ஏழு ஒளிப்பாதைகளை அமைக்கும் பல்லகட்டு இழைகளும் இப்பொழுது செய்யப்படுகின்றன. அவ்வேழனுள் ஒவ்வொன்றின் ஒளியையும், பக்கத்துப் பாதையில் கசியவிடாமல், தனித்தனியே திருப்புதல் எளிதன்று. இதற்கெனச் சிறு ஆடிகளைத் திருப்புவோரும், திரவப் படிகங்களைக் கையாள்வோரும் உளர்.

ஒலியால் திருப்புவதும் அம்முறைகளுள் ஒன்று. படிகத் துண்டொன்றின் பக்கத்தில் ஒட்டிய சிறு தகடு மின்சாரத்தால் அதிர்ந்து, கேளா ஒலியைப் படிகத்தினுள் அனுப்பும். ஒளி சாய்வாகப் புகுமாறு வைத்தால், அது பல கதிர்களாகச் சிதறாமல் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பும். சாய்வாகப் புகும் ஒளியைப் பற்றியும் அவ்விருவரும் தம் கட்டுரைகளில் ஆராய்ந்திருந்தனர். அதிர்வெண்ணை மாற்றினால் திரும்பும் கோணமும் மாறும். ஒலி நின்றவுடன், நொடியின் இலட்சத்திலொரு பங்கு அளவான நேரத்திற்குள் ஒளி மீண்டும் தன் நேர்வழியில் செல்லும்.