மலையடிவாரத்தில் ஒரு திரைக்கூடம்

தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய 1930களில், அவற்றை எடுப்பதற்கான ஒலிப்பதிவு வசதி தமிழ்நாட்டில் இல்லை. நடிகர்களையும் பாடகர்களையும் அழைத்துக்கொண்டு படமெடுப்போர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தொடர்வண்டி ஏறினர். வாடகைக்குப் பெற்ற கூடத்தில், மொழி அறியாத தொழில்நுட்பக் கலைஞர்களின் துணையோடு, குறித்த நாளுக்குள் படத்தை முடித்துத் திரும்ப வேண்டும். இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் டி. ஆர். சுந்தரம்.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த நூல் வணிகக் குடும்பத்தில் 1907ஆம் ஆண்டு பிறந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். ஆலை முதலாளியாக வாழ்ந்திருக்க வேண்டியவரைத் திரைத்தொழில் ஈர்த்தது. சேலத்தில் சிலருடன் கூட்டாகப் படமெடுத்த அவர், வெளியூர்க் கூடங்களை நம்பியிருப்பதன் இடர்ப்பாட்டை நேரில் கண்டார். ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. தொழில் சென்னையில் வேரூன்றத் தொடங்கிய காலத்தில் சேலத்தில் பெரும்பொருளை முடக்கியது துணிச்சலான செயலே. அந்நிறுவனத்தின் முதற்படமான ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது. மறு ஆண்டில் வெளியான ‘பாலன்’ மலையாளத்தின் முதல் பேசும்படம். அம்மொழியின் பேச்சுப்பட வரலாறு சேலத்து நிறுவனம் ஒன்றிலிருந்து தொடங்குவது வியப்பிற்குரியது.

நெசவாலையில் பஞ்சு ஒரு வாயில் வழியே நுழைந்து துணியாய் வெளியேறுவது போல, இங்குக் கதை நுழைந்து படச்சுருளாய் வெளியேறியது. அரங்கம் அமைக்கும் தச்சர், ஒப்பனையாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், படச்சுருளைக் கழுவி அச்சிடுவோர் என அனைவரும் ஒரே மதிலுக்குள் பணியாற்றினர். நடிகர்களும் எழுத்தாளர்களும்கூட மாத ஊதியம் பெற்றனர். குறித்த நேரத்தில் வேலை தொடங்கும். பெரிய நடிகராயினும் விலக்கில்லை. இக்கண்டிப்பு சிலருக்குக் கசந்திருக்கும். எனினும், அடுத்த வேளை உணவு உறுதியில்லாத நாடகக் கொட்டகைகளிலிருந்து வந்த கலைஞர்க்கு மாதந்தோறும் தவறாத ஊதியம் எளிய பொருளன்று.

புதுமைகளை அவர் தயங்காமல் ஏற்றார். 1940இல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். கணினி இல்லாத அந்நாளில் இருவரை ஒரே காட்சியில் காட்ட, ஒளிப்படக்கருவியின் வில்லையில் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பர். கருவி மயிரிழை அசைந்தாலும் இணைப்புக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்!

எழுத்தாளர்களுக்கும் அக்கூடம் களமாயிற்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய ‘மந்திரிகுமாரி’ 1950இல் திரைப்படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் அதனை இயக்கினர்; எம். ஜி. ஆர். நாயகராக நடித்தார். பாடல்கள் ஆண்ட திரையில் உரையாடல் தலைநிமிர்ந்த காலம் அது. கண்ணதாசனும் இந்நிறுவனத்தில் பணியாற்றியவரே.

1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்தது. 1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ வழியாக மலையாளத் திரைக்கும் முதன்முதலில் வண்ணம் தந்தவர் சுந்தரமே.

1963இல் அவர் மறைந்தபின் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஆனால் தொழிலின் போக்கு மாறிக்கொண்டிருந்தது. மாத ஊதியம் மறைந்து, படத்துக்குப் படம் ஒப்பந்தம் என்றாயிற்று. ஆதிக்கம் கூடத்தின் உரிமையாளரிடமிருந்து முன்னணி நடிகரிடம் சென்றது. 1970களின் பிற்பகுதியில் இயக்குநர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர்த் தெருக்களுக்கே போயினர். அட்டையால் அமைத்த வீதிகளுக்குத் தேவை குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஈன்ற மாடர்ன் தியேட்டர்ஸும் பின்னர் மூடப்பட்டது. தச்சர்களும் ஒப்பனையாளர்களும் நாள்தோறும் கடந்து சென்ற நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் எஞ்சியிருக்கிறது.