நேரம் தவறாத வண்டிக்காரர்: ரி. வி. சுந்தரம் ஐயங்கார்

வைணவத் திவ்விய தேசங்கள் நூற்றெட்டினுள் ஒன்று திருக்குறுங்குடி. திருநெல்வேலிச் சீமையிலே மகேந்திரகிரி மலையடிவாரத்தில், நம்பிப் பெருமாள் கோயில் கொண்ட அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். ஊர்ப் பெயரையும் தந்தையார் பெயரையும் குறிக்கும் எழுத்துக்களுடன் தம் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து உண்டானதே ரி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து. தமிழ்நாட்டு வீதிகளைப் பார்த்த எவருக்கும் அவ்வெழுத்துக்கள் தெரியும். அவற்றுக்குப் பின்னாலிருந்த குடும்பத் தலைவரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

சட்டத்துறையில் தொடங்கிய அவர், பின்னர் புகையிரதப் பகுதியிலும் வங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். மாதச் சம்பளம் வரும் உத்தியோகத்தை விடுவது அன்றும் இலேசான காரியமல்ல. வீட்டிலே மனைவி இலட்சுமி அம்மாளும் குழந்தைகளும் இருந்தனர். எனினும் 1911இல், தமது முப்பத்துநான்காவது வயதில், சொந்தத் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் பஸ் சேவையை நடத்தினார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலம் அது. மோட்டார் வண்டியும் அதன் உதிரிப்பாகங்களும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து சேர வேண்டும். சிறு பாகம் ஒன்று பழுதானாலும் வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் அவருடைய தொழில் நுணுக்கத்தைக் காண்கிறோம். வண்டி ஓட்டுவதுடன் அவர் அமைந்துவிடவில்லை. பழுது பார்க்கும் இடம், உதிரிப்பாக விற்பனை, தேய்ந்த ரயர்களுக்குப் புது மேற்பரப்பு இடும் தொழிற்சாலை என்று, வண்டியை நிறுத்தக்கூடிய காரணங்கள் ஒவ்வொன்றையும் தேடி ஒவ்வொரு தொழிலாக்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அவருடைய பஸ் வருவதைப் பார்த்து மக்கள் மணிக்கூட்டைச் சரிசெய்வார்கள் என்று இன்றும் அங்கே முதியோர் சொல்வதுண்டு.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பெற்றோலுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் கருவியை அவருடைய நிறுவனம் செய்தது. வண்டிகள் தொடர்ந்து ஓடின. 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடியதைக் கண்ட எம்மவருக்கு, இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தொழில் இவ்வாறிருக்க, குடும்பத்தைப் பார்ப்போம். ஐந்து ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். மகள் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் முடித்தவர். கணவர் வைத்தியர், நோயாளரிடமிருந்து தொற்றிய பிளேக் நோயினால் இளவயதிலேயே காலமானார். விதவையான பெண்ணை வீட்டு மூலையில் இருத்துவதே அன்றைய ஆசாரம். தந்தையாரோ மகளைப் படிக்க அனுப்பினார். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936இல், முப்பது வயது கடந்த பின், சௌந்தரம் வைத்தியராக வெளிவந்தார்.

அங்கே காந்தியடிகளின் தொடர்பும், பின்னர் கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனின் நட்பும் கிடைத்தன. வேறு சமூகத்தவரை மறுமணம் செய்ய மகள் விரும்பியது பெற்றோருக்கு உவப்பாக இருக்கவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கும்படி காந்தியடிகள் இருவருக்கும் சொன்னார். மனம் மாறாததால் 1940இல் அவர் முன்னிலையில் திருமணம் நடந்தது. தாம் கல்வி கொடுத்த பிள்ளை தாமாகவே முடிவெடுக்கும் என்பதைச் சுந்தரம் ஐயங்காரும் சந்திக்க வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்த நாட்டிலே பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு இது பழங்கதையல்ல.

1947இல் அத்தம்பதியர் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தைத் தொடங்கினர். மருத்துவமும் கல்வியும் கிராமத்து ஏழைகளைச் சென்றடைந்தன. 1962இல் டொக்டர் சௌந்தரம் இந்திய மத்திய அரசின் துணைக் கல்வி அமைச்சரானார்.

ஆண்மக்கள் தந்தையின் தொழிலைப் பிரித்து அழிக்கவில்லை, பெருக்கினார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1954இல், மகன் சந்தானம் வாகனங்களைத் தவணை முறையில் வாங்கக் கடன் கொடுக்கும் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1955 ஏப்ரல் 28ஆம் திகதி சுந்தரம் ஐயங்கார் கொடைக்கானலில் காலமானார். மற்றொரு மகன் சீனிவாசன் 1962இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தை நிறுவினார். மதுரைப் பகுதி பஸ் சேவை 1972இல் அரசுடைமையாகியது. பஸ்கள் கைவிட்டுப் போயும் குடும்பம் தளரவில்லை. மற்றத் தொழில்கள் தாங்கின.

கணக்கெழுதுவது எமது தொழில். பஸ்ஸுக்கும் ரயருக்கும் செய்த செலவுக்கு எதிரே வரவு எழுத ஏட்டிலே பத்தி உண்டு. விதவை மகளின் படிப்புக்குச் செய்த செலவுக்கு அப்படியொரு பத்தி இல்லை. அந்த வரவு காந்திகிராமத்து மக்களின் வீடுகளிலே எழுதப்பட்டது. இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடும் எம் பெற்றோர், உழைப்பைப் போலவே இதனையும் மனதிற் கொள்வார்களாக.