காபித் தீவைத் தேயிலைத் தீவாக்கியவர்

இலங்கை என்றதும் தேயிலை நினைவுக்கு வருகிறது அல்லவா? ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தீவு காபிக்குத்தான் பெயர் பெற்றிருந்தது. அதை மாற்றியவர் ஜேம்ஸ் டெய்லர்.

1835ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டெய்லர், 16 வயதில் காபித் தோட்ட வேலைக்காக இலங்கைக்கு வந்தார். அப்போது அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. அவர்கள் 1840ல் சட்டம் போட்டு, மலைக்காடுகளை அரசுச் சொத்தாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். காடுகள் அழிந்து காபித் தோட்டங்கள் பெருகின. நாட்டின் வருமானம் காபியையே நம்பியிருந்தது.

கண்டிக்கு அருகில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் டெய்லர் பணியாற்றினார். 1867ல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களாத் தாழ்வாரத்தில் இலைகளைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் உலர்த்திப் பக்குவம் பார்த்தார்.

1869ல் காபிச் செடிகளை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. துருப் பிடித்தது போல இலைகள் நிறம் மாறி உதிர்ந்தன. சில ஆண்டுகளில் தோட்டங்கள் பாழாயின. கடன் கொடுத்திருந்த பெரிய வங்கி ஒன்றும் 1884ல் மூழ்கியது. ஒரே பயிரை நம்பிய நாடு தடுமாறியது.

அப்போது கைகொடுத்தது டெய்லரின் தேயிலை. 1873ல் அவர் லண்டனுக்கு அனுப்பியது சுமார் 10 கிலோதான். 1890ல் இலங்கையின் ஏற்றுமதி 20 ஆயிரம் டன்னைத் தாண்டியது!

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் நம் தமிழகத்து ஏழைகளின் உழைப்பு இருக்கிறது. கங்காணிகளின் பேச்சை நம்பிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்துபோகும்போதே நோயிலும் பசியிலும் பலர் இறந்தனர். மற்றவர்கள் லயம் எனப்படும் சிறிய அறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்து, குறைந்த கூலிக்குக் கொழுந்து பறித்தனர். லாபத்தில் பெரும்பகுதி கப்பலேறிப் போனது.

டெய்லரும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. 40 ஆண்டுகள் உழைத்த அவரையே கடைசியில் முதலாளிகள் விலகச் சொன்னார்கள். 1892ல், தன் 57ஆம் வயதில், அந்தத் தோட்டத்திலேயே அவர் காலமானார். கண்டியில் அவர் கல்லறை இருக்கிறது.

இலங்கை 1948ல் விடுதலை பெற்றபோதும் தேயிலையையே பெரிதும் நம்பியிருந்தது. அதே ஆண்டில் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். அதைப் பெற 2003 வரை காத்திருந்தவர்களும் உண்டு.

குழந்தைகளே, மண் வளமாக இருந்தால் மட்டும் ஒரு நாடு செழித்துவிடாது. விளைச்சலின் பலன் உழைத்தவர்களுக்கும் கிடைக்க வேண்டும். இன்று வீட்டில் டீ போடும்போது, அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.