ரெசிடென்ஸி உத்தியோகம் பார்த்த யோகி

ஸ்ரீவராகத்திலும் சாலைக் கடைவீதியிலும் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு முதுகுவலியும் தூக்கமின்மையும் கூடப் பிறந்தவை போலாகிவிட்டன. மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு விதம், நாள் முழுதும் குனிந்து பேரேடு எழுதும் குமாஸ்தாவுக்கு இன்னொரு விதம். ஊசி குத்தும் சீன வைத்தியமான அக்குபங்சர், யோகாசனம், எளிய தேகப்பயிற்சி என்று ஆளுக்கொன்றை நாடுகின்றனர். இதே திருவனந்தபுரத்தில், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், ஆபீஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டே யோகம் கற்றுக்கொடுத்த தமிழர் ஒருவர் இருந்தார். தைக்காடு அய்யா சுவாமிகள் என்று மலையாளிகள் போற்றும் அவரை நம்மவரில் அறிந்தவர் குறைவு.

அன்னாரின் இயற்பெயர் சுப்பராயன். 1814-ல், அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த நகலாபுரத்தில் பிறந்தார். இளம்பிராயத்திலேயே சித்தர் இருவருடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பர்மா, சிங்கப்பூர், பினாங்கு என்று சுற்றிய அந்த நாட்களில்தான் யோகமும் சித்த வைத்தியமும் ஆங்கிலமும் கைவந்தன என்பர். திரும்பி வந்தவர் காவி கட்டவில்லை. கமலம்மாளை மணந்து குடும்பஸ்தராக வாழ்ந்தார்.

1873-ல் தைக்காடு ரெசிடென்ஸியில் அவருக்கு மேனேஜர் வேலை கிடைத்தது. ரெசிடென்ஸி என்பது திருவிதாங்கூர் மன்னரிடம் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதியாக இருந்த துரையின் மாளிகை. இன்று அது அரசினர் விருந்தினர் மாளிகை. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளைக்காரத் துரையின் கீழ் அது பெரிய உத்தியோகம். ஊரார் அவரைச் சூப்ரெண்டு அய்யா என்றே அழைத்தனர்.

அவர் கற்பித்தது சிவராஜ யோகம். யோகம் என்றதும் தலைகீழாக நிற்பதும் உடம்பை முறுக்குவதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது கழைக்கூத்து. நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, அதைவிட மெல்ல விட்டு, ஓடும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பழகுவதே ராஜ யோகத்தின் அடிப்படை. இதற்குப் பொருட்செலவில்லை, பொறுமைதான் வேண்டும். 1956 வரை திருவிதாங்கூருடன் இருந்த நாஞ்சில் நாட்டில் வர்ம ஆசான்மார் உண்டு. உடம்பில் 108 வர்ம ஸ்தானங்களைக் கணக்கிட்டு, தொட்டும் தடவியும் வலியைப் போக்குவார்கள். சீனத்து ஊசி வைத்தியத்துக்குத் தூரத்து உறவு என்று அதைச் சொல்லலாம். அய்யாவின் வழியிலோ பிறர் கை தேவையில்லை. அவரவர் மூச்சே மருந்து.

அவரிடம் வந்தவர்களில் ஒருவர் குஞ்ஞன் பிள்ளை. வறுமை காரணமாக, இன்றைய தலைமைச் செயலகக் கட்டிடம் எழும்பியபோது மண்ணும் கல்லும் சுமந்தவர், மல்யுத்தத்தில் தேர்ந்தவர், பிறகு குமாஸ்தாவாகவும் இருந்தவர். சுமை தூக்கிய அந்த உடம்பு அய்யாவிடம் யோகம் பயின்றது. அவரே பின்னாளில் சட்டம்பி சுவாமிகள். அவர் தம் நண்பர் நாணு ஆசானை அய்யாவிடம் அழைத்து வந்தார். நாணு ஆசான் யோகம் பயின்று, நாகர்கோவிலுக்கு அருகே மருத்துவாமலைக் குகையில் தவமிருந்து, 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து, ஸ்ரீ நாராயண குருவாக உயர்ந்தார். மனோன்மணீயம் பாடிய சுந்தரம் பிள்ளையும் அய்யாவுக்கு நெருங்கியவர். 1885-ல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றியதில் இருவருக்கும் பங்குண்டு.

இதெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. அக்காலத் திருவிதாங்கூரில் புலையர் பொதுப் பாதையில் நடப்பதே குற்றம். அய்யாவோ தைப்பூச விருந்தில் மேல்சாதியாருடன் ஒரே பந்தியில் அய்யன்காளியை உட்கார வைத்தார். அதே அய்யன்காளிதான் 1893-ல் தடைசெய்யப்பட்ட பாதையில் வில்வண்டி ஓட்டிச் சென்ற வீரர். பந்தியில் பேதம் பாராத குற்றத்துக்காக, ஆசாரம் பேசியவர்கள் அய்யாவைப் பாண்டி நாட்டான் என்றும், தாழ்ந்த சாதிப் பெயர் சொல்லியும் ஏசினர். பாண்டி என்ற சொல்லைக் கேட்டு இங்கே கூனிக் குறுகிய தமிழர்கள் இன்றும் உண்டு. அய்யா குறுகவில்லை, பந்தியையும் நிறுத்தவில்லை. பெரிய உத்தியோகம் அவருக்கு ஓரளவு கவசமாக இருந்திருக்கலாம். ஆயினும் உத்தியோகத்தில் இருப்பவர்தானே இழக்கவும் அஞ்ச வேண்டும்?

1909 ஜூலை 20-ந் தேதி, 95-வது வயதில் அவர் காலமானார். தாம் சமாதியாகும் நாளை முன்கூட்டியே மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் சொல்லிவைத்தார் என்று பக்தர்கள் கூறுகின்றனர். தைக்காட்டுச் சுடுகாட்டில் அடக்கம் செய்து, மேலே ஒரு சிவலிங்கத்தை வைத்தனர். சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், 1943-ல் அங்கே கோவில் எழும்பியது.