இரட்டை நட்சத்திரங்களுக்குக் கணக்கு எழுதிய சந்திரசேகர்

ஹெப்பகோடியில் இரண்டாம் ஷிப்டு முடிந்து, தை மாதக் குளிரில் அறைக்குத் திரும்புகிறவர்கள் சற்றுத் தெற்கே அண்ணாந்து பார்த்தால், வானத்திலேயே அதிகப் பிரகாசமான நட்சத்திரம் தெரியும். சிரியஸ் என்று பெயர். கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 50 ஆண்டுகள். கூட இருக்கும் சிறியது, எரிந்து ஓய்ந்த நட்சத்திரம். அத்தகையவற்றின் தலைவிதியைக் கணக்கிட்டவர் ஒரு தமிழர், சுப்ரமணியன் சந்திரசேகர்.

1910 அக்டோபர் 19ல் லாகூரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே கணக்கு அதிகாரி. உத்தியோகம் எங்கேயோ அங்கே குடித்தனம். பெங்களூர் நன்கறிந்த சர் சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா. சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, 1930ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். நோயாளியான தாயார்தான் தைரியம் சொல்லி அனுப்பினார். மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார். மகனால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. ஊர் விட்டு வந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

கப்பலில் தொடங்கிய கணக்கின் முடிவு இது: ஓய்ந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது அப்படியே நிற்க முடியாது, மேலும் சுருங்கும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் இதை விளக்கியபோது, அடுத்துப் பேசிய எடிங்டன் சபை சிரிக்கும்படி கேலி செய்தார். இந்தக் கணக்கு உள்ளிட்ட நட்சத்திர ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வர 1983 ஆயிற்று.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேரும் புகழும் பெற்ற பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புத் தத்துவத்தை மாணவனைப் போல் படிக்க உட்கார்ந்தார்.

நியூட்டன் கணக்குப்படி இரு நட்சத்திரங்கள் காலாகாலத்துக்கும் ஒரே பாதையில் சுற்றலாம். ஐன்ஸ்டைன் 1915ல் சொன்னதோ, கனமான பொருள் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையுமே வளைக்கிறது; மற்றது அந்த வளைவில் ஓடுகிறது என்பது. இரண்டும் சுற்றும்போது வளைவும் அசைந்து, குளத்து அலைபோல் வெளியே பரவும். அதற்கான சக்தி, மாதச் சம்பளத்தில் பிடிப்பதுபோல, அவற்றின் கையிருப்பிலிருந்தே பிடித்தமாகும். பாதை சிறுகச் சிறுகச் சுருங்கும். இப்படி அலை உண்டா என்று ஐன்ஸ்டைனே 1936ல் சந்தேகப்பட்டதுண்டு. 1970ல் சந்திரசேகர், எஸ்போசிட்டோ என்பவருடன் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு, வெளியே போகும் சக்தியும் உள்ளே குறையும் சக்தியும் டாலி ஆவதைக் காட்டினார். கணக்கு அதிகாரியின் மகனல்லவா!

சிரியஸ் போல விலகிச் சுற்றுபவற்றில் இது தெரியாது. 1974ல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் மிக நெருங்கிச் சுற்றும் ஒரு ஜோடியைக் கண்டனர். ஒவ்வொன்றும் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடை. ஒரு சுற்றுக்கு 7 மணி 45 நிமிடம், ஏறக்குறைய நம் ஒரு ஷிப்டு. அந்த நேரம் ஆண்டுக்கு ஒரு விநாடியில் லட்சத்தில் சுமார் எட்டுப் பங்கு குறைகிறது. கணக்குப்படியேதான் குறைகிறது.

சந்திரசேகர் 1995 ஆகஸ்டு 21ல் சிகாகோவில் காலமானார். 2015ல் ஈர்ப்பு அலைகள் முதன்முதலாகக் கருவியில் நேரடியாகப் பதிவாயின. 2017 ஆகஸ்டில் வந்தது, இத்தகைய இரு நட்சத்திரங்கள் சுற்றிச் சுற்றி மோதி ஒன்றான அலை. ஒன்பது நாள் கழித்து அந்த இடத்திலிருந்து வந்த எக்ஸ்ரே கதிர்களைக் கண்டது, 1999ல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய தொலைநோக்கி. இவர் நினைவாக அதற்கு இட்ட பெயர் சந்திரா.